மனம் நில்லாதார்க்கும் தியானம் உரியதே

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

எம்பெருமானை இடைவிடாது நினைத்திருத்தலே சேதநனுக்கு உரிய பேறு என்பதில் பெரியோர்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை. ஆயினும் நினைப்பதற்குக் கருவியாகிய மனம் எல்லார்க்கும் ஒரே வார்ப்பாக அமையவில்லை. ஒருவருக்குக் கண்ணை மூடிய அளவில் திருமேனி உள்ளே தோன்றுகிறது. மற்றொருவருக்கு வெற்றிருளே தோன்றுகிறது. ஒருவருக்குத் தவிலும் நாகஸ்வரமும் செவிக்கு விருந்து. மற்றொருவருக்கு அதே முழக்கம் தலைமேல் விழும் சம்மட்டி அடி. ஒருவர் ஒரு முகூர்த்த காலம் அசையாமல் அமர்ந்திருக்கிறார். மற்றொருவருக்கு அரை நாழிகை அமர்வதே தண்டனையாகிறது.

இவ்விரு திறத்தாருக்கும் தியானத்தை ஒரே முறையில் உபதேசித்து, அம்முறைக்கு உட்பட முடியாதவரை நோக்கி, "உமக்கு இதில் அதிகாரம் இல்லை" என்று விலக்கிவிடுவது தர்மமாகுமா? குறை கற்பவனிடத்திலா, கற்பிக்கும் முறையிலா? தியானம் பயில வேண்டும் என்னும் ஆவல் இன்று ஊர்தோறும் பெருகியிருக்கிறது. வந்து பயின்று, இயலாமல் மனமுடைந்து திரும்புவோரும் இருக்கிறார்கள். ஆதலின் இக்கேள்வி ஆஸ்திகர்கள் அனைவரும் நின்று விசாரிக்கத் தக்கது.

மாறுபட்ட மனவமைப்பினர்

1943ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்னும் மருத்துவர், பிறரோடு கலவாமல் தமக்குள்ளேயே ஆழ்ந்திருக்கும் 11 குழந்தைகளைப் பற்றி விரிவாக எழுதினார். அடுத்த ஆண்டில் வியன்னா நகரத்து ஹான்ஸ் ஆஸ்பெர்கர் என்பவரும் இத்தகைய சிறுவர்களைப் பற்றி எழுதினார். இந்நிலை 'ஆட்டிசம்' என்று வழங்கலாயிற்று. கவனம் ஒன்றில் நிலைக்காமலும், பலருக்கு உடலும் ஓரிடத்தில் தங்காமலும் இருக்கும் நிலையை 'ஏ.டி.எச்.டி.' என்கிறார்கள். அறிவிற் குறைவின்றியே எழுத்துகளைக் கூட்டிப் படிப்பதில் இடர்ப்படும் நிலை 'டிஸ்லெக்ஸியா' எனப்படும்.

இத்தகையோரை நோயாளிகள் என்று மட்டும் எண்ணி ஒதுக்காமல், மூளையும் நரம்பும் வேறு வகையாக அமைந்தவர்கள் என்று மதிக்கும் நோக்கு 1990களின் இறுதியில் மேல்நாடுகளில் உருப்பெற்று, இன்று எங்கும் பரவி வருகிறது. 'நியூரோடைவர்ஜென்ட்' என்று அங்கு வழங்கும் சொல்லை, 'மாறுபட்ட மனவமைப்பினர்' என்று ஈண்டுக் கொள்ளலாம். நம் நாட்டில் 2016ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கிட்டு, அவற்றுள் ஆட்டிசத்தையும் கற்றல் குறைபாட்டையும் சேர்த்துள்ளது. ஒருவருடைய நிலைக்கு ஏற்ற தக்க வசதியைச் செய்து தராமல் மறுப்பதும் பாரபட்சமே என்று அச்சட்டம் கூறுகிறது. ராஜதர்மம் இவ்வளவு கூறும்போது, பகவத் தர்மம் அதற்குப் பின்தங்கி நிற்கலாகாது.

ஸ்மிருதி என்னும் பொதுச் சொல்

இன்று உலகெங்கும் 'மைண்ட்ஃபுல்னெஸ்' என்னும் பெயரால் ஒரு பயிற்சி நடந்து வருகிறது. நிகழும் கணத்தில் உள்ளதை, நன்று தீது என்று தீர்ப்புக் கூறாமல், விழிப்போடு கவனித்திருத்தலே அதன் சாரம். பௌத்தர்கள் பாலி மொழியில் 'ஸதி' என்று வழங்கியதற்கு, 1881ஆம் ஆண்டில் ரீஸ் டேவிட்ஸ் என்னும் ஆங்கிலப் பண்டிதர் தம் மொழிபெயர்ப்பில் இச்சொல்லைக் கையாண்டார். 1979ஆம் ஆண்டில் ஜான் கபாட்-ஜின் என்பவர் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ நிலையத்தில், நாட்பட்ட வலியாலும் மனவழுத்தத்தாலும் வருந்துவோருக்கு இதனை ஒரு பயிற்சியாக வகுத்தார். எட்டு வாரம், வாரத்திற்கு ஒரு வகுப்பு, வீட்டில் நாள்தோறும் முக்கால் மணி அளவு பயிற்சி. மூச்சைக் கவனித்தல், உடலை அடிமுதல் முடிவரை உள்ளுணர்வால் தடவிப் பார்த்தல், ஓர் உலர்ந்த திராட்சையை மெல்ல உண்டு சுவையைக் கவனித்தல் ஆகியன அதன் அங்கங்கள்.

'ஸதி' என்பது வடமொழியில் 'ஸ்மிருதி' ஆகும். எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் உபாஸநத்தின் வடிவை விளக்குமிடத்து, தியானமாவது எண்ணெய் ஒழுக்குப் போல் இடையறாத ஸ்மிருதியின் தொடர்ச்சி என்றும், அதுவே 'த்ருவாநுஸ்மிருதி' என்றும் ஸ்தாபித்தருளினார். பௌத்தர்களின் ஸ்மிருதிக்கும் நம் ஸம்பிரதாயத்து ஸ்மிருதிக்கும் பேதம் பெரிது. அங்கே கவனிக்கப்படுவன மூச்சும் உடலும் எண்ணமும். இங்கே நினைக்கப்படுபவன் ஸ்ரிய:பதி. அங்கே பற்று அறுதல் பயன். இங்கே அவனிடத்துப் பற்று மிகுதல் பயன். ஆயினும், அலையும் மனத்தை மீண்டும் மீண்டும் ஓரிடத்துக்குக் கொணர்தல் என்னும் முயற்சி இரண்டுக்கும் பொது. ஆகவே அங்கே எழுந்த இடர் இங்கும் எழும். அங்கே கண்ட பரிஹாரமும் இங்கு ஆராயத் தக்கதே.

எங்கே இடறுகிறது?

"மூச்சைக் கவனியுங்கள்" என்பது எளிய உபதேசமாகத் தோன்றும். ஆனால் ஆட்டிசம் உடைய சிலருக்கு உடலின் உள் நிகழ்ச்சிகள் புலப்படுவது அரிது. வேறு சிலருக்கோ அவை அளவுக்கு மீறிப் புலப்பட்டு, மூச்சைக் கவனித்த மாத்திரத்தில் மூச்சுத் திணறுவது போன்ற அச்சம் எழுகிறது. "எண்ணங்களை வானத்து மேகம் போல் போகவிடுங்கள்" என்று உபதேசித்தால், சொல்லை அதன் நேர்ப்பொருளிலேயே கொள்ளும் இயல்புடையவர், எந்த மேகத்தைத் தேடுவது என்று தெரியாமல் திகைக்கிறார். "மனத்தை வெறுமையாக்குங்கள்" என்றால் நேர்மையாக முயன்று, இயலாமற்போக, தாம் தோற்றுவிட்டதாகவே முடிவு கட்டிக்கொள்கிறார். கவனம் நிலைக்காத இளைஞனை முக்கால் மணி நேரம் அசையாதே என்றால், அவன் கற்பது தியானத்தை அன்று. தன் உடலை வெறுப்பதையே கற்கிறான்.

இதனை உணர்ந்த மருத்துவ அறிஞர்கள், முறையை மனிதனுக்கு ஏற்ப மாற்றத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் லிடியா ஸைலாவ்ஸ்கா என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஏ.டி.எச்.டி. உடைய 24 பெரியவர்களும் 8 இளையவர்களும் சேர்க்கப்பட்டனர். அதில் அமர்ந்து செய்யும் பயிற்சி ஐந்து நிமிடத்திலிருந்து தொடங்கிப் படிப்படியாகவே பதினைந்து நிமிடத்திற்கு உயர்த்தப்பட்டது. அமர இயலாதவர் நடந்துகொண்டே செய்யலாம் என்றும் வைத்தார்கள். நெதர்லாந்து நாட்டில் அன்னலீஸ் ஸ்பெக் என்பவரும் உடன் ஆய்ந்தோரும் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசம் உடைய பெரியவர்களுக்காக உவமைகளும் இருபொருள் தரும் சொற்களும் கற்பனைப் பயிற்சிகளும் நீக்கப்பட்டன. கற்றதை உள்வாங்கக் காலம் வேண்டுமென்று எட்டு வாரம் ஒன்பதாக நீட்டப்பட்டது. பயின்றவர்களுக்குச் சோர்வும் பதைப்பும் குறைந்தன. நிர்பய் சிங் என்னும் உளவியலறிஞரும் அவருடன் பணியாற்றியோரும், சினம் மூளும்போது கவனத்தைத் தம் உள்ளங்கால்களில் கொண்டுபோய் வைக்கும் எளிய பயிற்சியை வகுத்து, அறிவு வளர்ச்சி குன்றிய ஒருவருக்கு அதனைக் கற்பித்த முறையை 2003ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். பின்னர் 2011ஆம் ஆண்டில் ஆட்டிசம் உடைய இளையோருக்கும் அது பயன்பட்டமை வெளியாயிற்று.

இவற்றால் தெளிவாவது யாது? இயலாதவர் என்று கருதப்பட்டவர்கள், முறை மாறியபோது இயன்றவர்களானார்கள். எனவே இயலாமை என்று எண்ணப்பட்டதில் ஒரு பெரும் பங்கு மாணவனுடையதன்று, முறையினுடையதே.

பகவான் இறங்கி வந்த படிகள்

இஃது ஏதோ புதிய கொள்கை என்று எண்ண வேண்டா. ஸ்ரீகீதையின் ஆறாம் அத்தியாயத்தில், ஆசனம் இடும் விதத்தையும் உடலை நேராக நிறுத்தும் விதத்தையும் பகவான் அருளிச்செய்கிறான். கேட்டவன் சாமானியன் அல்லன். குறி தவறாத வில்லாளி அர்ஜுனன். அவனே, மனத்தை அடக்குவது காற்றை அடக்குவது போல் அரிது என்று முறையிட்டான். பகவான் அவனைக் கடிந்தானா? இல்லை. நீ சொல்வது உண்மையே என்று ஒப்புக்கொண்ட பிறகே, அப்யாஸத்தையும் வைராக்கியத்தையும் உபாயமாகக் காட்டினான். இடர்ப்படுகிறேன் என்பவனுடைய சொல்லை முதலில் நம்புதல் ஆசாரியனுக்கு லக்ஷணம் என்பது இதனால் விளங்கும்.

பன்னிரண்டாம் அத்தியாயத்தில் இன்னும் தெளிவு. மனத்தை என்னிடத்திலேயே நிறுத்து என்கிறான். அது முடியாதாகில் அப்யாஸத்தால் என்னை அடைய விரும்பு என்கிறான். அப்யாஸமும் முடியாதாகில் எனக்கான கர்மங்களைச் செய் என்கிறான். அதுவும் முடியாதாகில் செய்யும் கர்மங்களின் பலனை விடு என்கிறான். ஒவ்வொரு படியிலும் "முடியாதாகில்" என்று கேட்டுக்கொண்டு இறங்கி வருபவன் மாணவன் அல்லன், ஸாக்ஷாத் பகவானே. ஓரிடத்திலும் "முடியாதாகில் போ" என்று அவன் சொல்லவில்லை.

அங்கே 'எனக்கான கர்மங்கள்' எவை என்பதற்கு எம்பெருமானார் தம் கீதாபாஷ்யத்தில் ஒரு வரிசையையே அருளுகிறார். கோயில் கட்டுதல், நந்தவனம் வைத்தல், விளக்கேற்றுதல், பெருக்குதல், நீர் தெளித்தல், மெழுகுதல், பூப்பறித்தல், நாமஸங்கீர்த்தனம், பிரதக்ஷிணம், நமஸ்காரம் முதலியன அவை. இவற்றுள் உடல் அசையாமல் செய்யத் தக்கது எது? பெரும்பாலும் எல்லாமே கையும் காலும் வாயும் இயங்கச் செய்பவை. அமர்ந்து நினைக்க இயலாத இளைஞன் துடைப்பத்தை எடுத்துத் திருமுற்றத்தைப் பெருக்கும்போது, அவனுடைய அசைவே அவனுக்கு ஆசனமாகிறது. நாளெல்லாம் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும் குழந்தைக்கு அச்சொல் திருநாமமாக அமையுமாயின், பிறர் அரிதின் முயன்று பெறும் ஆவிருத்தி அக்குழந்தைக்கு இயல்பாகவே வாய்த்ததாகும்.

ஆசனம் அங்கமே, அங்கி அன்று

இங்கே சாஸ்திரம் பயின்றோர் ஓர் ஆக்ஷேபம் செய்யலாம். பிரஹ்ம ஸூத்திரத்தின் நான்காம் அத்தியாயம் முதற் பாதத்தில், உபாஸநம் அமர்ந்தே செய்யத் தக்கது என்று நிர்ணயிக்கப்பட்டிருக்கிறதே; நடந்துகொண்டும் கையில் ஒன்றைத் திருகிக்கொண்டும் செய்வது தியானமாகுமா, முறையைத் தளர்த்திக்கொண்டே போனால் கடைசியில் எஞ்சுவது என்ன என்பது அவ்வாக்ஷேபம்.

நியாயமான கேள்வியே. அதற்கு விடையும் அவ்வதிகரணத்திலேயே இருக்கிறது. அமர வேண்டும் என்பதற்கு ஸூத்திரகாரர் காட்டும் காரணம், அமர்ந்தவனுக்கே ஏகாக்ரதை ஸம்பவிக்கும் என்பது. நிற்பதிலும் நடப்பதிலும் முயற்சி வேண்டியிருக்கிறது. படுத்தால் உறக்கம் வரும். ஆகையால் அமர்க என்பது அதன் கருத்து. அதே அதிகரணத்தின் முடிவில், இன்ன இடம் இன்ன காலம் என்ற நியமம் இல்லை, எங்கே மனம் ஒருமைப்படுமோ அங்கே செய்க என்று கூறப்படுகிறது. எனவே ஏகாக்ரதையே நோக்கம். ஆசனமும் தேசமும் காலமும் அதற்குத் துணை. பொதுவாக மனிதர்க்கு அமர்தல் ஒருமையைத் தருவதால் அந்த விதி பொது விதியாக நிற்கிறது. அதனை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அமர்தலே ஒருமையைக் குலைக்கும்படி ஒருவனுடைய உடல் அமைந்திருக்குமாயின், அவனை வற்புறுத்தி அமர வைப்பது, அங்கத்தைக் காப்பதற்காக அங்கியை அழிப்பதாகும். மேலும், ஆங்கு விதிக்கப்பட்டது பக்தியோக நிஷ்டனுடைய உபாஸநம். திருநாமம் சொல்லுதல், திருவடியை நினைத்தல் என்னும் ஸாமாந்ய ஸ்மரணத்திற்கு இருப்பிட நியமம் யாதும் இல்லை என்பது பிரஸித்தம்.

விடத் தகாதது ஒன்றுண்டு. நினைக்கப்படுபவன் எம்பெருமானே என்பதும், அலைந்த மனத்தை மீட்கும் முயற்சி மெய்யாக இருக்க வேண்டும் என்பதுமே அது. மற்றவை அனைத்தும் மாறலாம். கண் மூடியா திறந்தா, மௌனமா உச்சாரணமா, ஒரு மணியா ஒரு நிமிடமா என்பன மனிதனைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை.

சோர்வை விளைப்பது உபதேசமாகாது

ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்தில், த்ருவாநுஸ்மிருதி உண்டாவதற்கு ஏழு ஸாதனங்கள் வாக்யகாரர் வழியாகக் காட்டப்பட்டுள்ளன: விவேகம், விமோகம், அப்யாஸம், கிரியை, கல்யாணம், அநவஸாதம், அநுத்தர்ஷம். இவற்றுள் ஆறாவதாகிய அநவஸாதம் என்பது மனம் சோர்ந்து ஒளி மழுங்காதிருத்தல். உண்ணும் உணவின் தூய்மையைப் பற்றியும் செய்யும் கிரியையின் ஒழுங்கைப் பற்றியும் விரிவாகப் பேசுவோர், இந்த ஆறாவது ஸாதனத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

"எல்லாரும் அமர்ந்திருக்கிறார்கள், நீ மட்டும் ஏன் ஆடுகிறாய்" என்று பலர் நடுவே ஒரு சிறுவனைக் கேட்கும்போது, அவனுக்கு உண்டாவது அவஸாதம். "உன் மனம் தூய்மையாக இல்லை, அதனால்தான் நிற்கவில்லை" என்று ஒரு பெண்ணிடம் சொல்லும்போது, அவளுக்கு உண்டாவதும் அவஸாதம். ஸ்மிருதிக்கு ஸாதனமானதைக் கொடுக்க வந்தவரே அதற்கு விரோதியானதைக் கொடுத்துவிடுகிறார். நல்லெண்ணத்தோடு சொன்னேன் என்பது இதற்குப் பரிஹாரம் ஆகாது. மருந்து கொடுக்கிறவர் நோயாளியின் தேகவாகு அறிந்து கொடுக்க வேண்டும் என்பதை யாவரும் ஒப்புவர். ஆத்மாவுக்கு மருந்து கொடுக்கிறவர் மட்டும் மனவாகு அறியாமல் கொடுக்கலாமோ?

வேறு சிலர், "இஃதெல்லாம் பூர்வகர்மம்" என்று பெற்றோரிடம் சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். சரீரம் எடுத்தவர் எல்லாரும் கர்மத்தால் எடுத்தவர்களே. அப்படிச் சொல்பவருடைய சரீரமும் அதில் அடங்கும். எல்லார்க்கும் பொதுவான ஒன்றை ஒருவரை மட்டும் சுட்டுவதற்குப் பயன்படுத்துவது சாஸ்திரார்த்தம் அன்று, வெறும் கொடுமையே. பெற்ற வயிற்றின் மீது வீசும் அந்தக் கல், பாகவத அபசாரத்தில் முடியும்.

அர்ச்சாவதாரத்தின் எளிமை

மனத்தினுள் உருவங்களைக் காணும் ஆற்றலே இல்லாதவர்கள் சிலர் உண்டு. தாயின் முகத்தையும் அவர்களால் உள்ளே வரைந்து பார்க்க இயலாது. அறிவுக்கோ அன்புக்கோ குறைவில்லை. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகத்து ஆடம் ஸெமன் என்னும் நரம்பியல் மருத்துவரும் உடன் ஆய்ந்தோரும் 2015ஆம் ஆண்டில் இந்நிலைக்கு 'அஃபான்டேஸியா' என்று பெயரிட்டார்கள். இத்தகையவரிடம், இதயத் தாமரையில் எம்பெருமானைக் காண் என்றால் அவர் என் செய்வார்?

அவருக்காகவே அன்றோ எம்பெருமான் வெளியே வந்து நிற்கிறான்! பரம், வியூகம், விபவம், அந்தர்யாமித்வம், அர்ச்சை என்னும் ஐந்து நிலைகளுள் அந்தர்யாமியாய் உள்ளே இருப்பவனைக் காண யோகக் கண் வேண்டும். அர்ச்சையாய் நிற்பவனைக் காண ஊனக் கண்ணே போதும். கண் காணாதவர்க்கோ திருநாமமும் திருத்துழாயின் மணமும் தீர்த்தத்தின் குளிர்ச்சியும் உண்டு. ஸௌலப்யம் என்னும் குணத்தின் எல்லைநிலம் அர்ச்சாவதாரம் என்று பூர்வாசாரியர்கள் கொண்டாடுவது இதுபற்றியே.

ஸேவிக்கும் முறையிலும் ஓர் எளிமை உண்டு. திருப்பாணாழ்வார் பெரிய பெருமாளைத் திருவடியில் தொடங்கி ஒவ்வோர் அவயவமாக அநுபவித்தார். பாதாதிகேசம் என்னும் இம்முறையில் கற்பனைக்கு வேலை இல்லை. முதலில் திருவடி, அடுத்துத் திருப்பீதாம்பரம், அடுத்துத் திருமார்பு, அடுத்துத் திருக்கண்கள். தொடக்கம் உண்டு, வரிசை உண்டு, முடிவு உண்டு. வரிசையையும் ஒழுங்கையும் பற்றுக்கோடாகக் கொள்ளும் மனத்திற்கு இதனைக் காட்டிலும் பொருத்தமான தியானம் ஏது? ஒரு நாளில் திருவடியோடு நின்றுவிட்டாலும் குறை இல்லை. சரணம் புக வேண்டிய இடம் அதுவே.

மாறனும் ஊமையும்

திருக்குருகூரில் காரியாருக்கும் உடையநங்கையாருக்கும் தோன்றிய குழந்தை அழவில்லை; பாலுண்ணவில்லை; பேசவில்லை. உலகத்து இயல்புக்கு மாறாக இருந்தமையால் 'மாறன்' என்று திருநாமம் ஆயிற்று. பெற்றோர் ஆதிநாதன் ஸந்நிதியில் விட, புளியமரத்தடியில் பதினாறு ஆண்டு மௌனமாய் எழுந்தருளியிருந்தார் என்று குருபரம்பரை கூறுகிறது. நம்மாழ்வாருக்கு மருத்துவர்களின் பெயர்களுள் ஒன்றைச் சூட்டுவது அபசாரம். அவருடைய மௌனம் பகவதநுபவத்தின் நிறைவே. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். பதினாறு ஆண்டு பேசாதவரை அணுகிய மதுரகவிகள், ஏன் பேசவில்லை என்று கேட்கவில்லை. செவிப்புலன் உண்டோ என்று ஒரு கல்லை இட்டு அறிந்து, அவருடைய உள்ளம் எதில் ஈடுபட்டிருக்குமோ அதனைப் பற்றியே கேட்டார். விடை உடனே வந்தது. பேசாதவரிடம் பேச்சு இல்லை என்று முடிவு கட்டுவதற்கு முன், கேட்டவர் தக்கதைக் கேட்டாரா என்று பார்க்க வேண்டும்.

எம்பெருமானார் ஓர் ஊமையை உள்ளே அழைத்துக் கதவை அடைத்து, தம் திருவடிகளே தஞ்சம் என்று ஸைகையால் காட்டியருளினார் என்றும், அதனைக் கதவின் துளை வழியே கண்ட கூரத்தாழ்வான், தாம் கற்றவராய்ப் பிறந்ததால் இப்பேற்றை இழந்தோமே, ஊமையாய்ப் பிறந்திலோமே என்று வருந்தினார் என்றும் பெரியோர் சொல்லி வருவர். திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து பெற்ற பொருளை எல்லார்க்கும் வெளியிட்டவர், வாய் பேசாதவருக்கு வாயால் உபதேசித்துக் கடமை முடிந்தது என்று இருக்கவில்லை. அவனுடைய மொழிக்குத் தாம் இறங்கினார்.

திருவிழாவில் செய்யத் தக்கவை

திருவிழாவுக்கு வரும் பல்லாயிரவருள் இத்தகைய குழந்தைகளும் பெரியவர்களும் இருப்பார்கள். அவர்களுக்குச் செய்யத் தக்கவை அரியன அல்ல. வருவதற்கு முன்பே, முதலில் கோபுரம், அடுத்துத் துவஜஸ்தம்பம், அடுத்துப் பெருமாள், பிறகு தீர்த்தம், சடாரி, துளசி என்று வரிசையைப் படம் காட்டியோ சொல்லியோ தெரிவிக்கலாம். தெரிந்த வரிசை அச்சத்தைக் குறைக்கும். புறப்பாட்டின் நெரிசலில் நிற்க இயலாதவரை, ஸந்நிதி அமைதியாய் இருக்கும் வேளையில் அழைத்து வரலாம். வாத்தியம் முழங்கும்போது செவியை மூடிக்கொள்ளும் சிறுவனின் கையை இழுத்து அகற்ற வேண்டா; அவன் பெருமாளை மறுக்கவில்லை, ஓசையையே மறுக்கிறான். தீண்டுதலைப் பொறாதவருக்கு அர்ச்சகர் சடாரியைத் தலைக்குச் சற்று மேலே பிடித்தாலும் அநுக்கிரஹம் குறையாது. கையில் ஒரு துளசிமணி மாலை இருந்தால் அலையும் விரல்களுக்கும் ஒரு கைங்கரியம் கிடைக்கும். பெரியோர் மடிமேல் வைத்துக் கற்பிப்பதானால், ஒரு திருநாமம், ஒரு நிமிடம், ஒரே வேளை, ஒரே இடம் என்று தொடங்கி, குழந்தை விரும்பினால் மட்டும் நீட்டலாம்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தியானம் இவர்களை 'மாற்றிவிடும்' என்று எவரும் வாக்களிக்கலாகாது. அதனை நம்பி மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்தவும் கூடாது. சிலருக்கு நெடிய மௌனம் பதைப்பை மிகுவிக்கும். அப்போது நிறுத்துவதே முறை. ஸ்மரணம் பேறு, சிகிச்சை அன்று.

அவன் நினைக்கிறான்

கடைசியாக ஒரு கேள்வி எஞ்சும். எவ்வளவு எளிதாக்கினாலும் நினைக்கவே இயலாதவர் கதி என்ன? இதற்கு விடை வராஹ புராணத்தில் பூமிப் பிராட்டிக்கு ஞானப்பிரான் அருளிய சரம ச்லோகத்தில் உளது. மனம் தன்னிலையில் இருக்கும் காலத்தில் ஒருவன் என்னை நினைத்தானாகில், பின்பு அவன் கட்டையும் கல்லும் போல் கிடக்கும் காலத்தில், அவனை நான் நினைக்கிறேன், நானே பரமகதிக்கு அழைத்துச் செல்கிறேன் என்பது அதன் பொருள். அந்திமகாலத்தில் நினைவு தப்பும் என்று அஞ்சிய பெரியாழ்வாரும் அரங்கனிடம் முன்னரே விண்ணப்பித்து வைத்தார். மனத்தின் தன்னிலை ஆளுக்கு ஆள் வேறாகலாம். அவரவர் தன்னிலையில் ஒரு கணம் நினைத்த நினைவை அவன் கணக்கில் கொள்வான் என்று கொள்வதில் தடை இல்லை. அதற்கும் சக்தி இல்லாதவர்க்கு ஆசாரியனுடைய அபிமானமே உத்தாரகம் என்று நம் ஸம்பிரதாயம் துணிந்திருக்கிறது. குழந்தைக்காகத் தாய் மருந்துண்பது போல், சிஷ்யனுக்காக ஆசாரியன் பாரத்தை ஏற்கிறான்.

ஸ்மிருதியின் முடிந்த நிலம், நாம் அவனை நினைப்பதில் இல்லை; அவன் நம்மை நினைப்பதில் இருக்கிறது. அவன் நினைவுக்கு எந்த மனவமைப்பும் தடையாவதில்லை. அவன் தடையாகக் கொள்ளாததை அடியார்கள் தடையாகக் கொள்ளலாகாது. ஆகையால், இயலாதவர் வரும்போது "உமக்கு அதிகாரம் இல்லை" என்பதை விட்டு, "உமக்கு எந்த வழி இயலும்?" என்று கேட்பதே ஆசாரிய தர்மம், பாகவத தர்மம் என்பது ஸித்தம். எல்லாச் சேதநரும் அவரவர்க்கு இயன்ற வழியாலே அவன் திருவடி சேர்ந்து வாழ்வார்களாக.

சுபம்.